ஆயிலே ஷாஃப்ட்டை ஆட்டும்போது: ஜர்னல் பேரிங் சோதனை அனுபவங்கள்

ரோட்டார் அதிர்ந்தால் உடனே பாலன்சிங்கில் கை வைக்கிறோம். ஆயில் பேரிங் உள்ள மெஷினில் அதற்கு முன்னால் அதிர்வெண்ணைப் பாருங்கள்.

எங்கள் சோதனை மேடையில் சாதாரண உருளை ஜர்னல் பேரிங், அதாவது ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் வகை. பக்கத்தில் 90 டிகிரி தள்ளி இரண்டு ப்ராக்சிமிட்டி புரோப்கள். ஷாஃப்ட்டைத் தொடாமல் இடைவெளியை அளப்பவை. இரண்டையும் ஆஸிலோஸ்கோப்பில் கொடுத்தால் ஷாஃப்ட் மையம் நகரும் பாதை, அதாவது ஆர்பிட், திரையில் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் இன்னொரு புரோப் அந்தப் பாதையில் புள்ளி வைக்கும்.

முதல் கிரிட்டிக்கல், அதாவது ரோட்டாரின் இயல்பான அதிர்வெண்ணோடு சுழற்சி ஒத்துப்போய் அதிர்வு எகிறும் வேகம், 2,400 ஆர்பிஎம் வாக்கில் வந்தது. தாண்டியதும் அடங்கியது. 3,600 அருகில் ஆர்பிட் திடீரென்று பெரிய வட்டமாக விரிந்தது. ஒரு புள்ளி இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள்! ஷாஃப்ட் 60 ஹெர்ட்ஸில் சுற்ற, அதிர்வு 28 ஹெர்ட்ஸில். சரிபாதியாக இருந்தால் புள்ளிகள் நின்றிருக்கும். பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தன. ஷாஃப்ட்டை ஒட்டிய ஆயில் அதனுடனே ஓடுகிறது, பேரிங்கை ஒட்டியது நிற்கிறது. சராசரியாகப் பாதி வேகத்தில் சுற்றும் அந்தப் படலம்தான் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது. இது ஆயில் வேர்ல்.

4,800ஐத் தாண்டியதும் அதிர்வு 40 ஹெர்ட்ஸில் பூட்டிக்கொண்டது. வேகத்தை இன்னும் ஏற்றினாலும் அதே 40தான், முதல் கிரிட்டிக்கலின் அதிர்வெண். இதுதான் ஆயில் விப். ஜெனரல் எலக்ட்ரிக்கில் நியூகர்க்கும் டெய்லரும் 1925இல் எழுதியதும் இதைத்தான்: கிரிட்டிக்கலைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கும் ஆட்டம். வேகத்தை மறுபடி 3,600க்கு இறக்கி, ஷாஃப்ட்டின் மேல் கீழ்நோக்கிக் கொஞ்சம் சுமை கொடுத்தோம். வட்டம் அந்தக் கணமே சுருங்கிவிட்டது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்!

---

அண்ணா, அந்தச் சுமை விஷயம் எனக்கு டர்பைனில் கிடைத்த பாடம். ஓட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதிர்வு வரும். பாலன்சிங் செய்தும் போகவில்லை. ஸ்பெக்ட்ரம் (அதிர்வை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் படம்) எடுத்தால் சுழற்சி அதிர்வெண்ணின் பாதிக்குக் கீழே ஒரு முனை. சூடானதும் பக்கத்து பேரிங்கைத் தாங்கும் பெடஸ்டல் உயர்ந்து, இந்த பேரிங்கின் சுமையைத் தான் வாங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் வரும் உயரத்தைக் கணக்கில் எடுத்து அலைன்மென்ட் மாற்றினோம். முனை காணாமல் போய்விட்டது. ஆயில் வெப்பநிலையைக் குறிக்காமல் எடுத்த அதிர்வு ரீடிங்கை நான் இப்போது நம்புவதே இல்லை. ஆயிலின் பிசுக்கு மாறினால் படலமே வேறு.

---

நாங்கள் செய்வது வேறு விதம். ஷாஃப்ட் நிலையாகச் சுற்றும். பேரிங்கை மிதக்கவிட்டு, இரு திசைகளில் ஷேக்கர் வைத்து ஆட்டுவோம். விசையையும் நகர்வையும் அளந்தால் விறைப்புக்கு நான்கு, தணிப்புக்கு நான்கு என்று எட்டு எண்கள் கிடைக்கும். ஒரு திசையில் தள்ளினால் இன்னொரு திசையில் எழும் விசையைச் சொல்லும் குறுக்கு விறைப்புதான் நீங்கள் இருவரும் பார்த்த வில்லன். அதே மேடையில் டில்டிங் பேட் பேரிங்கை (ஷாஃப்ட்டைச் சுற்றிச் சாயக்கூடிய தனித்தனிப் பேடுகள் உள்ளது) போட்டால் அந்தக் குறுக்கு எண்கள் மிகச் சிறியதாகிவிடுகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு பேடும் சுமைக்கேற்பத் தானே சாய்ந்துகொள்கிறது.