பழைய கிட்டாரின் பிரெட்டுகளைக் கழற்றினால் கமகம் வருமா?

நோர்வூட் வாசகர்:
வணக்கம். என்னிடம் கம்பித் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. ஹட்டனில் பழசாக வாங்கியது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான பிரெட்டுகளில் முதல் ஐந்தும் தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. தோட்டத்துக் கோயில் பஜனையில் வாசிக்கிறேன். தோடி ராகக் காந்தாரத்தைக் கமகமாக அசைக்கும்போது பிரெட் இடைஞ்சலாக இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?

பண்டாரவளை, தச்சு வேலை:
தம்பி, தாராளமாகச் செய்யலாம். ஆனால் இந்த மழையில் தொடாதீர்கள். ஆடி ஈரத்தில் ஊதியிருக்கும் மரத்தில் ஒட்டினால் தை, மாசி வெயிலுக்குக் காய்ந்து விரிசல் காட்டும். பனிக்காலம் முடியட்டும்.

தந்திகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிரெட்டையும் சோல்டரிங் அயனால் சூடாக்குங்கள். பசை இளகும். வாய் தட்டையாகத் தேய்த்த குறட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மரம் சில்லுச் சில்லாகப் பெயரும்.

பிரெட் பதிந்திருந்த வெட்டுகளைக் காலியாக அப்படியே விடக்கூடாது. பிரெட்டின் அடிப்பாகம் ஆப்பு போல இறுகி நின்று கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க உதவுகிறது. அது போனால் தந்தியின் இழுவைக்குக் கழுத்து முன்னால் வளையும். வெட்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அந்தக் கனத்தில் வெளிர் நிற வெனியரை (மெல்லிய மரத்தகடு) இறுக்கமாகச் செருகி ஒட்டுங்கள். காய்ந்ததும் விரல் பலகையின் வளைவு கெடாமல் சேண்ட் பேப்பர் போடுங்கள். கறுத்த பலகையில் வெளிர்க்கோடு தெரிந்தால் சுருதி பிடிக்கச் சுலபம்.

அப்புறம் நட், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் துண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரெட் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் உயரம். அது போனபின் தந்தி பலகையை விட்டு எட்டி நிற்கும். நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ஆழமாக்கி, பிரிட்ஜ் பக்கத்தில் தந்தியைத் தாங்கும் எலும்புத் துண்டையும் இறக்க வேண்டும்.

மேலே கம்பி சுற்றிய தந்தி மரத்தை அரித்துவிடும் என்பதால் பலகைக்கு எப்பொக்சி (இறுகும் பிசின்) பூசுவது நல்லது. ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பிரெட் இல்லாத தன் பேஸ் கிட்டாருக்கு, படகுக்குப் பூசும் எப்பொக்சியைத்தான் பூசினார்.

இராகலை:
நான் வேண்டாம் என்பேன். வீணையில் பிரெட் போலவே 24 மெட்டு இருக்கிறதே, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தானே கமகம் பிடிக்கிறார்கள்? கிட்டார் கலைஞர் பிரசன்னா பிரெட் உள்ள கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார். பிரெட்டுக்கு நடுவில் மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினால் இழுக்க இன்னும் இலகு. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோன் மெக்லொக்லின், இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்த சக்தி குழுவில் வாசித்தது அப்படிப்பட்ட கிட்டார். பிரெட்டைக் கழற்றினால் கோர்ட் (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) பிடிப்பது பெரும்பாடு, நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும்.

நோர்வூட் வாசகர்:
பஜனையில் கோர்ட் ஹார்மோனியக்காரர் பார்த்துக்கொள்வார், அண்ணா. நாதம் அடங்கும் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

பண்டாரவளை, தச்சு வேலை:
இராகலை ஐயா சொல்வது நியாயம். விரல் சதை நேரே தந்தியை அமுக்குவதால் ஓசை குறையும். நைலோன் தந்தியாக இருந்தால் நானே தடுத்திருப்பேன். உங்களுடையது கம்பி, ஓசையை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் ஒன்று பூட்டினால் கோயிலுக்குப் போதும். வீணை போன்ற கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது, எவ்வளவு அழகாக இழைகிறது!

ஒன்று மட்டும் கவனம். இதுவரை பிரெட்டுக்குப் பின்னால் விரல் வைத்திருப்பீர்கள். இனி கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகள் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கும், அவற்றைப் பார்த்து வாசித்தால் சுருதி இறங்கிவிடும். கோட்டுக்கு நேராகப் புதுப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் கிட்டாரைக் கொண்டுவாருங்கள், பட்டறையில் சேர்ந்து செய்வோம்.