26 பிள்ளைங்களோட ஸ்கூல் பஸ் கடத்தல், கடைசில என்னாச்சு?

1976ல கலிஃபோர்னியா சௌச்சில்லால நடந்த கேஸ், லோக்கல் ட்ரெயின்ல வரும்போது பாட்காஸ்ட்ல கேட்டுட்டு இருந்தேன், சயான் ஸ்டேஷன் வந்துடுச்சு இறங்கிட்டேன். பிள்ளைங்க தப்பிச்சாங்களா? யாராவது சொல்லுங்கப்பா.

தாராவி தம்பி:
எல்லாருமே உயிரோட வந்தாங்கண்ணா. ரெண்டு வேன்ல மணிக்கணக்கா சுத்தவிட்டு, கல்குவாரில புதைச்சு வச்சிருந்த லாரிப் பெட்டிக்குள்ள ஏணி வழியா இறக்கி மேல மண்ணையும் போட்டுட்டானுங்க பாவிங்க. பஸ் டிரைவர் எட் ரேதான் பிள்ளைங்களை அமைதிப்படுத்தி, உள்ள கிடந்த மெத்தைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஏறி, மேல் மூடிய தள்ளித் தள்ளி நகர்த்தினாரு. மூடி மேல பெரிய பேட்டரி வேற வெயிட்டுக்கு வச்சிருந்தானுங்க! சுமார் 16 மணி நேரம் உள்ளயே.

செம்பூர் அக்கா:
அந்த 14 வயசுப் பையனை விட்டுட்டியே தம்பி, கூட நின்னு மண்ணைத் தோண்டினது அவன்தான். டிரைவருக்கு மட்டும் மாலை போடுறது நியாயமில்ல.

மாட்டுங்கா மாமா:
கடத்தினதுல ஒருத்தன் குவாரி ஓனர் பையனேதான், பணக்கார வீடு. 50 லட்சம் டாலர் கேக்கலாம்னு போலீஸுக்கு போன் போட்டா லைன் பிஸி, ஊரே கூப்பிட்டுட்டு இருந்திருக்கு. சரி அப்புறம் பாத்துக்கலாம்னு தூங்கிட்டானுங்க, எழுந்து பாத்தா பிள்ளைங்க வெளிய!

கேட்டவர்:
அடப்பாவிங்களா 😂 நன்றி மாமா, மீதிய இன்னைக்கே கேக்கறேன்.