கல்யாணத்துக்கு அப்புறம் கார் வேலையும் டூல்ஸ் செலவும்: எப்படிச் சமாளிக்கிறீங்க?

கார்பரேட்டர்காதலன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ரெண்டு கார். ஒண்ணு தினமும் ஓடுறது. இன்னொண்ணு பழைய கார்பரேட்டர் வண்டி, சிலிண்டர் ஹெட்டைக் கழட்டின நிலையில ஷெட்ல நிக்குது. முன்னாடியெல்லாம் தோணினப்ப டூல் வாங்குவேன், கேட்க ஆள் இல்லை. இப்போ பார்சல் வந்தா "இது எதுக்கு? மொத்தம் எவ்வளவு ஆச்சு?"ன்னு மனைவி கேட்கிறாங்க. சண்டைக்குக் கேட்கலை, தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறாங்க. என்கிட்டதான் பதில் இல்லை.

மாசச் செலவுக்கு எப்படி வரம்பு வைக்கிறீங்க? எந்த டூலைச் சொந்தமா வாங்கணும், எதை இரவல் வாங்கிக்கலாம்? லீவு நாள் முழுக்க வண்டிக்கு அடியிலேயே போயிடாம இருக்க என்ன வழி? அடுத்து ஏர் கம்ப்ரஸர் வாங்கலாம்னு இருக்கேன், அதையும் சொல்லுங்க.

"அவங்களுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்துட்டு நீங்க டூலை வாங்கிக்கோங்க" மாதிரி பதில் மட்டும் வேண்டாம்.

---

அரைஇன்ச்ராட்செட்:

மொத்தம் எவ்வளவுன்னு சொல்ல முடியாததுக்குக் காரணம், எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் குலுக்குறதுதான். மூணாப் பிரிங்க: டூல், பார்ட்ஸ், தீர்ந்துபோற சாமான். பெரும்பாலானவங்க முதல் ரெண்டை மட்டும்தான் கணக்குல வைப்பாங்க. பிரேக் கிளீனர், கிரீஸ், கையுறை, உப்புத்தாள், காப்பர் வாஷர், துரு எண்ணெய்னு மூணாவது வகைதான் சத்தமில்லாம ஒழுகும்.

அப்புறம் இன்னொரு கோடு. தினமும் ஓடுற வண்டியோட பராமரிப்பு குடும்பச் செலவு. அதை உங்க பொழுதுபோக்குக் கணக்குல ஏத்தாதீங்க. ஜாக்கி, ஸ்டாண்டு, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குறது) எல்லாம் அந்தப் பக்கம் போகலாம். வால்வ் ஸ்பிரிங் அமுக்கி, சிலிண்டர் ஹோன், கார்பரேட்டர் சமன் பார்க்கிற கேஜ் இதெல்லாம் சுத்தமா உங்க ஆசைக் கணக்கு. இந்தக் கோட்டை நேர்மையா போடணும். "இது ரெண்டு வண்டிக்கும் ஆகும்"னு சொல்லியே எல்லாத்தையும் குடும்பக் கணக்குல தள்ளுறவங்களைத் தெரியும்.

ஆசைக் கணக்குக்கு மாசம் ஒரு தொகை, உங்களுக்கு எவ்வளவோ அவங்களுக்கும் அதே அளவு. அதுக்குள்ள என்ன வாங்கினாலும் ரெண்டு பேரும் கேள்வி கேட்கக் கூடாது. மிச்சமானா அடுத்த மாசத்துக்குச் சேரும், ஆனா அடுத்த மாசத்துலேர்ந்து முன்கடன் கிடையாது. ஒரு மாசத் தொகையைத் தாண்டுற பொருள்னா பேசிட்டு வாங்குங்க, வாங்கிட்டுப் பேசாதீங்க.

"நானே செஞ்சதால லேபர் மிச்சம், அந்தக் காசுல டூல்"ங்கிற கணக்கு ஒரு அளவுக்குத்தான் நிக்கும். ஆயில், பிரேக் பேட், பிளக், ஃபில்டர் மாத்துற டூலுக்கு நிக்கும், ஏன்னா அந்த வேலை திரும்பத் திரும்ப வரும். ஒரே ஒரு வீல் பேரிங்குக்காக வாங்கின பிரஸ்ஸுக்கு நிக்காது.

சொந்தமா இருக்க வேண்டியது:

3/8 இன்ச் ராட்செட், 8 முதல் 19 மி.மீ. வரை சாக்கெட், ஆறு முனை உள்ளது. பன்னிரண்டு முனை துருப்பிடிச்ச போல்ட் தலையை உருட்டிடும். ஜப்பான், கொரிய வண்டின்னா 10, 12, 14, 17 அதிகம் வேலை செய்யும். ஐரோப்பிய வண்டின்னா 13, 16, 18ம் டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) பிட்டும் இல்லாம நகராது. 600 மி.மீ. நீளத்துல அரை இன்ச் பிரேக்கர் பார் ஒண்ணு. பிரேக் லைன் கழட்டுவீங்கன்னா ஃப்ளேர் நட் ஸ்பேனர். சாதா ஸ்பேனர் போட்டா அந்த மெல்லிய நட்டு மூலை மழுங்கிடும், அப்புறம் குழாயையே வெட்டி மாத்தணும்.

டார்க் ரெஞ்ச் ஒண்ணு போதாது. 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் வீல் நட்டுக்குச் சரி, பெரும்பாலான கார்ல அது 90லேர்ந்து 130க்குள்ள இருக்கும். ஆனா 15–25ல நிக்கிற ஸ்பார்க் பிளக்குக்கு அது ஆகாது. கிளிக் சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் தன்னோட முழு அளவுல கீழ் ஐந்தில் ஒரு பங்குல நம்பகமா இருக்காது. அதனால பெருசை முதல்ல, 3/8 சின்னதை அடுத்து.

காசைக் கொட்ட வேண்டிய இடம், எடை தாங்குற பொருளும் போல்ட் தலையைத் தொடுற பொருளும். தட்டு, காந்தம், சுத்தியல், நெம்புகோல் எல்லாம் மலிவுல வாங்கினாலும் ஒண்ணும் குடி முழுகாது.

இரவல் அல்லது வாடகை: இன்ஜின் தூக்கி, பால் ஜாயின்ட் கழட்டி, பேரிங் பிரஸ், காயில் ஸ்பிரிங் அமுக்கி. கடைசியா சொன்னது மட்டும் ஜாக்கிரதை. இரவல் வந்ததும் கொக்கியும் மறையும் பாருங்க; கொக்கி வளைஞ்சிருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. இம்பாக்ட் கன் போடாம கையால, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி முறுக்குங்க. ஸ்பிரிங் அதோட இருக்கையில தளர்வா ஆடுற வரைக்கும் மேல் நட்டைத் தொடவே கூடாது.

---

ஸ்டட்முறிந்தவன்:

மேல சொன்ன பணக் கணக்கு சரி. ஆனா வீட்டுல நிஜமா எரிச்சல் கிளப்புறது பணம் இல்ல, நேரம். அதுவும் எவ்வளவு நேரம்ங்கிறது இல்ல, எப்போ முடியும்னு தெரியாததுதான்.

மேனுவல்ல "ஒரு மணி நேரம்"னு போட்டிருந்தா அது துரு இல்லாத வண்டி, லிஃப்ட், எல்லா டூலும் கைக்கெட்டுற தூரம்னு வச்சுப் போட்ட கணக்கு. தரையில படுத்துச் செய்யறவருக்கு ரெண்டு மடங்கு, முதல் தடவைன்னா மூணு மடங்கு. ஜாக்கி போட்டு ஸ்டாண்டுல நிறுத்துறது, கை கழுவுறது, டூலை எடுத்து வைக்கிறது எல்லாம் அதுல சேராது.

தினமும் ஓடுற வண்டிக்கு நாலு கட்டுப்பாடு சொல்றேன்.

பார்ட்ஸ் கைக்கு வராம வண்டியைத் தூக்காதீங்க. பிரேக் பேடுன்னா பேடு மட்டும் இல்ல. கிளிப் செட், ஸ்லைடு பின் ரப்பர், அதுக்கான சிலிக்கான் கிரீஸ். டிஸ்க்கோட குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், முன்னாடியே ஒரு வாரம் வீலைக் கழட்டி அளந்துட்டா டிஸ்க்கும் வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சிடும்.

காலையில ஆரம்பிங்க, பார்ட்ஸ் கடை திறந்திருக்கிற நாள்ல. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ராத்திரியில ஆரம்பிச்சா அது சண்டைக்கு முன்பதிவு.

எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி, எந்தப் போல்ட் அசையலைன்னா மாட்டிப்போமோ அதை முதல்ல அசைச்சுப் பாருங்க. பிரேக் ஆயில் மாத்தப் போறீங்கன்னா பழைய ஆயிலை உறிஞ்சறதுக்கு முன்னாடியே நாலு ப்ளீடர் நிப்பிளும் (வீல் பக்கம் பிரேக் ஆயிலையும் காத்தையும் வெளியே விடுற சின்னத் திருகு) திரும்புதான்னு பார்க்கணும். ஒண்ணு திரும்பலையா, அங்கேயே நிறுத்துங்க. வண்டி இன்னமும் ஓடுற நிலையிலதான் இருக்கு. முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வைங்க. அடம் பிடிச்சா கழட்டுற பக்கம் மட்டும் அழுத்தாம, ஒரு இழை முறுக்கி, அப்புறம் கழட்டி, மறுபடி முறுக்கின்னு ஆட்டுங்க. சூடு கொடுத்தா சுத்தி இருக்கிற உலோகத்துக்குக் கொடுக்கணும், மாட்டியிருக்கிற போல்ட்டுக்கு இல்ல. முறிஞ்சே போச்சுன்னா இடது மறை டிரில் பிட்டை முதல்ல போடுங்க, பல தடவை துளைக்கும்போதே கழண்டு வந்துடும். எக்ஸ்ட்ராக்டரை (முறிஞ்ச போல்ட்டைத் திருகி எடுக்கிற டூல்) முரட்டுத்தனமா திருகி அது உள்ளேயே உடைஞ்சா, சாதா பிட் அதைத் துளைக்காது.

ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் மறு பக்கம். எந்த கிளிப் எப்படி உட்கார்ந்திருந்ததுன்னு சந்தேகம் வந்தா கழட்டாத பக்கம் பதில் சொல்லும். காலிபரை (பேடை டிஸ்க்குல அழுத்துற பாகம்) ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டுக் கட்டுங்க. காலிபர் பிஸ்டனை உள்ளே தள்றப்ப மேல பிரேக் ஆயில் டப்பாவுல ஆயில் ஏறும். வழிஞ்சா பெயின்ட்டைத் தின்னுடும். வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிங்க. புதுப் பேடு போட்ட முதல் மிதி அப்படியே தரைக்குப் போகும்.

வீட்டுல "அஞ்சு மணிக்கு முடிச்சிடுவேன்"னு சொல்லாதீங்க. அஞ்சு மணிக்கு நிறுத்திடுவேன்னு சொல்லுங்க. முடிக்கிறது உங்க கையில இல்ல, நிறுத்துறது உங்க கையில இருக்கு. அதுலயும் கடைசி அரை மணி நேரம் வீலை மாட்டவும் தரையைத் துடைக்கவும்தான்.

பழைய வண்டியைப் பத்தி ஒண்ணு. என்ன கழட்டினாலும் அது எப்பவும் நாலு சக்கரத்துல உருளுற மாதிரி வைங்க. தள்ளி ஓரம் கட்ட முடியற வண்டி மேல யாருக்கும் அவ்வளவு கோபம் வராது. ஹெட் கழட்டியிருக்குன்னு சொன்னீங்க, அதனால முதல்ல சிலிண்டர் சுவர்ல மெல்லிசா ஆயில் தடவி மூடி வைங்க. ஈரக் காத்துல சீக்கிரமே துரு ஏறும், அப்புறம் பட்ஜெட் வேற திசையில போயிடும். புஷ் ராடு (வால்வைத் திறக்கத் தள்ளுற நீளக் கம்பி) இருக்கிற இன்ஜின்னா அட்டையில வரிசையா ஓட்டை போட்டு, அந்த ராடுகளைக் கழட்டின அதே வரிசையில குத்தி வைங்க.

---

ஷெட்டுக்கு_வெளியே_இருப்பவள்:

இந்தப் பக்கத்துக் குரலும் வரட்டும்.

விலையைக் கேட்கிறோம்னா அது ஒண்ணைத்தான் கேட்கத் தெரியுதுன்னு அர்த்தம். "லோயர் ஆர்ம் புஷ் எப்போ வரும்?"னு எங்களுக்குக் கேட்க வராது. நிஜமா தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: வேலை நாள்ல கார் இருக்குமா, வீடு வீடா இருக்குமா.

முதல் விஷயத்தைச் சொல்லிட்டாங்க. ரெண்டாவதுக்கு வர்றேன்.

கார்பரேட்டர் பாகத்தைச் சமையலறைத் தொட்டியில கழுவக் கூடாது, பாத்திரம் கழுவற மெஷினுக்கும் அது போகக் கூடாது. பெயின்ட் அடிச்ச வால்வ் கவரைச் சமையல் அவன்ல வச்சுக் காய வைக்கிறவங்க இருக்காங்க. அதுக்குன்னு பழைய அவன் ஒண்ணு ஷெட்ல இருக்கணும், இல்லன்னா அந்த ஆசையை விட்டுடணும். வேலை உடுப்பு ஷெட் வாசலைத் தாண்டாது. பெட்ரோல் பட்ட துணியை வெளிக் காத்துல வாசனை போற வரைக்கும் காய வச்சுட்டுத்தான் துவைக்கணும், டிரையர்ல போடவே கூடாது. தீப்பிடிக்கும்.

கழிவு ஆயிலை மூடி உள்ள கேன்ல ஊத்தி, மேல எழுதி வைங்க. கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதுல கலந்துடாதீங்க. கலந்த ஆயிலை மறுசுழற்சிக்கு எடுத்துக்க மாட்டாங்க. கூலன்ட் தனிக் கேன்ல, உயரத்துல இருக்கணும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், குழந்தைக்கும் நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். வீட்டை ஒட்டின ஷெட்டுன்னா கதவைத் திறந்து வச்சுக்கூட இன்ஜினை ஓட விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. வண்டியை வெளியே தள்ளிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

தரையில ஒரு கோடு பெயின்ட் அடிங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க ராஜ்ஜியம், எப்படி வேணும்னாலும் கிடக்கட்டும். இந்தப் பக்கம் ஒரு நட்டு வந்தாலும் அது குப்பை.

ப்ளீடிங்குக்கு, அதாவது பிரேக் குழாய்ல இருக்கிற காத்தை வெளியேத்துற வேலைக்கு, வருவோம். "ஒரு நிமிஷம் வந்து பெடலை மிதி"ன்னு ஆரம்பிச்சு, "அமுக்கு, பிடி, விடாத, சரி விடு"ன்னு நாலு வீலுக்கும் முடியறப்போ அடுப்புல இருந்தது கரியாயிருக்கும். ஒரே ஆள் செய்யற ப்ளீடர்னு ஒரு டூல் இருக்கு. நீங்க வாங்குற டூல்லயே எங்களுக்கு நேரடியா லாபம் தர்றது அது ஒண்ணுதான். அடுத்த பார்சல் அதா இருக்கட்டும்.

---

அரைஇன்ச்ராட்செட்:

மேல சொன்னதுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ப்ளீடர்ல உறிஞ்சுற வகையும் உண்டு, மேல டப்பாவுல காத்தழுத்தம் கொடுத்துத் தள்ளுற வகையும் உண்டு. உறிஞ்சுற வகையில நிப்பிளோட மறை வழியாவும் காத்து உள்ளே வரும், குழாய்ல குமிழி நிக்கவே நிக்காது, சிஸ்டத்துல இன்னும் காத்து இருக்குன்னு நினைச்சு ஆயிலை வீணாக்குவீங்க. தள்ளுற வகைதான் நல்லது. 1 பார் அழுத்தத்துக்கு மேல ஏத்தாதீங்க. டப்பாவுக்குச் சரியா உட்காருற மூடி கிடைக்குதான்னு பார்த்துட்டு வாங்குங்க. டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். திறந்த பாட்டிலை வருஷக்கணக்கா வச்சிருந்து ஊத்துறது மிச்சம் ஆகாது.

---

கார்பரேட்டர்காதலன்:

நன்றி. கோடு போடுற யோசனையை மனைவிகிட்ட காட்டினேன், கோடு எங்கே வரணும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டு சந்தேகம். ஒரே அளவு சாக்கெட் செட் மூணு இருக்கு, வித்துடலாமா? கம்ப்ரஸர் பத்தி யாரும் சொல்லலையே. ஹெட்டைச் சுத்தம் பண்ண அது வேணும்னு நினைச்சேன்.

---

ஸ்டட்முறிந்தவன்:

ஒரு செட்டை ஷெட்ல வைங்க, ஒண்ணை வண்டி டிக்கியில போடுங்க, மூணாவதை வித்துடுங்க. விக்கிறதுக்கு முன்னாடி எல்லா டூலையும் தரையில பரப்பி ஒரு பட்டியல் எழுதுங்க. இரட்டிப்பா வாங்கினது இன்னும் நாலு தேறும்.

கம்ப்ரஸர் இப்போ வேண்டாம். 24 லிட்டர் டேங்க் டயருக்கும் தூசி ஊதவும் போதும். பெயின்ட் கன்னும் சாண்டரும் தொடர்ந்து காத்து கேட்கும், அதுக்கு மூச்சு வாங்கும். உடனே பெரிய டேங்க், அப்புறம் ஈரம் பிடிக்கிற ஃபில்டர், ஹோஸ் ரீல்னு வால் நீண்டுக்கிட்டே போகும். சத்தத்துக்கு ராத்திரியில ஓட்டவும் முடியாது.

ஹெட் வளைஞ்சிருக்கான்னு பார்க்க வேண்டியது நேர் விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் (மெல்லிய அளவுத் தகடுகள்) தான். கேஸ்கட் ஒட்டலைப் பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க. அலுமினிய ஹெட்டுன்னா சுழலும் உராய்வுத் தட்டு போடாதீங்க, பள்ளம் விழும். சட்டத்தை நீளவாட்டுல, குறுக்கே, ரெண்டு மூலைவிட்டத்துலயும் வச்சுப் பாருங்க. 0.05 மி.மீ. தகடு நுழையலைன்னா கவலை இல்ல. நுழைஞ்சா உங்க மேனுவல்ல போட்டிருக்கிற வரம்பைப் பாருங்க. அதைத் தாண்டினா லேத்துக்குக் கொடுத்துச் சீவணும், வீட்டுல உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற வேலை இல்ல.

ஹெட் போல்ட்டை மறுபடி போடலாமா, புதுசு வேணுமான்னும் மேனுவல்லயே இருக்கும். கோணக் கணக்குல முறுக்குற போல்ட்டுன்னா பல இன்ஜின்ல ஒரு தடவைதான்.

பிளாக்ல போல்ட் ஓட்டைகள் அடி மூடியிருக்குன்னா உள்ளே தேங்கின ஆயிலையும் கூலன்டையும் முழுசா எடுத்துடுங்க. திரவம் இருக்கிற ஓட்டையில போல்ட்டை முறுக்கினா அதுக்குப் போக வழி இல்லாம பிளாக்கையே வெடிக்க வைக்கும், டார்க் அளவும் பொய்யாக் காட்டும். இந்த ஒரு வேலைக்குத்தான் உங்களுக்குக் கம்ப்ரஸர் தேவைப்பட்டிருக்கும். நீளமான மெல்லிய குழாய் மாட்டின சிரிஞ்சால உறிஞ்சிட்டு, கம்பியில துணி சுத்தி அடி வரைக்கும் ஒத்தி எடுத்தாலே போதும்.