ஷ்ரூஸ்பரி எப்படிப்பட்ட ஊரு? அங்க இருந்தவங்க சொல்லுங்க

மஞ்சக்குப்பம்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பொண்ணுக்கு இங்கிலாந்துல ஷ்ரூஸ்பரிங்கிற ஊருல நர்ஸ் வேலை கெடச்சிருக்கு, அடுத்த மாசம் கெளம்புது. எங்க அக்காவுக்கு லண்டன் தவிர வேற ஊரு பேரே தெரியாது, தெனமும் போன் பண்ணி "அது என்னடா ஊரு, நல்ல ஊரா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. நெட்ல பாத்தா ஷ்ராப்ஷயர்ங்கிற கவுண்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) கவுண்டி டவுன்னு போட்டிருக்கு, ஆனா அதே கவுண்டில டெல்ஃபோர்டுன்னு இதவிட பெரிய ஊரு இருக்குதாம், அப்புறம் எப்படி இது தலைமை ஊரு? இன்னொண்ணு, ஊரு நடுவுல ராபர்ட் கிளைவ் சிலை நிக்கிற போட்டோ பாத்தேன். நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில இருந்த அதே கிளைவா?

லாஸ்பேட்டை அக்கா:

தம்பி, நான் அங்க நாலு வருஷம் இருந்தேன், இப்ப பாண்டிக்கே வந்துட்டேன். உங்க அக்காவ தைரியமா இருக்கச் சொல்லுங்க, நல்ல ஊரு.

கவுண்டி டவுன்னா பெருசா கொழப்பிக்க வேணாம், நம்ம கடலூருக்கு மஞ்சக்குப்பம் எப்படியோ அப்படி நெனச்சுக்கோங்க. கோர்ட்டு, ஜெயிலு, ஆபீசு எல்லாம் எங்க இருந்துச்சோ அது. அந்தக் காலத்துல ராஜாவோட ஜட்ஜுங்க ஊரு ஊரா வந்து கேஸ் கேப்பாங்க, அவங்க வந்து எறங்குன எடம். ஷ்ராப்ஷயர்ங்கிற பேரே இந்த ஊரு பேருலேர்ந்து வந்ததுதான். டெல்ஃபோர்டு 1960கள்ல நம்ம நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி பிளான் போட்டு உருவாக்குன ஊரு, ஜனம் அங்க அதிகம்தான், ஆனா வயசுல இவ்வளவூண்டு.

ஊரு இருக்கிற எடத்தப் பாத்தாதான் மத்ததெல்லாம் புரியும். செவெர்ன் ஆறு லாடம் மாதிரி ஊரச் சுத்தி வளைஞ்சு போகுது, வடக்கால மட்டும் ஒரு சின்ன வாசல் மாதிரி தரை, அதுல கோட்டையக் கட்டி அடைச்சுட்டாங்க. கெழக்கால போற பாலத்துக்குப் பேரு இங்கிலிஷ் பிரிட்ஜ், மேக்கால போறது வெல்ஷ் பிரிட்ஜ். எல்லை ஊரு தம்பி. அந்தக் காலத்துல வேல்ஸ்காரங்க கம்பளித் துணிய நெய்து கொண்டாருவாங்க, இங்க உள்ள துணி வியாபாரிங்க வாங்கி சரி பண்ணி லண்டனுக்கு விப்பாங்க, அந்தக் காசுல கட்டுனதுதான் இன்னைக்கும் சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிற கருப்பு வெள்ளை மரச்சட்டம் போட்ட வீடுங்க எல்லாம்.

சிலை இருக்கிற அந்தச் சதுக்கத்துலயே 1596ல கட்டுன பழைய மார்க்கெட் ஹால் இருக்கு. கீழ வளைவுத் தூண் ஒண்ணுல வரிசையா ஓட்டை ஓட்டையா இருக்கும், நான் மொதல்ல செல்லரிச்சதுன்னு நெனச்சேன், ஒரு பாட்டிதான் சொன்னாங்க, எத்தன மூட்டை வித்துச்சுன்னு ஓட்டையில கூழாங்கல்ல போட்டு கணக்கு வச்ச எடமாம். நான் வெரல விட்டுப் பாத்தேன், ஓரமெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. மாடியில இப்ப சினிமா காட்டுறாங்க. ரெண்டு தெருவுக்கு நடுவுல ஒரு ஆளு போற அகலத்துல சந்துங்க இருக்கும், அதுக்கு "ஷட்"னு பேரு, மழையில அதுல பூந்து பூந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவேன்.

ஊரு பேர ஷ்ரூஸ்பரின்னு சொல்றதா ஷ்ரோஸ்பரின்னு சொல்றதான்னு அங்க உள்ளவங்களுக்குள்ளயே ஒத்துமை கெடையாது, பொண்ணு எப்படி சொன்னாலும் தப்பில்ல.

ஓல்டு டவுன் வாத்தியார்:

அதே கிளைவ்தான். 1725ல ஷ்ராப்ஷயர்ல பொறந்தவன், 1744ல கிழக்கிந்தியக் கம்பெனிக் கிளார்க்கா மெட்ராசுக்கு வந்தான். 1746ல ஃப்ரெஞ்சுக்காரங்க மெட்ராச புடிச்சதும் மாறுவேஷத்துல தப்பிச்சு வந்து சேந்த எடம் நம்ம செயிண்ட் டேவிட் கோட்டை, அதான் நீ சொன்ன தேவனாம்பட்டினம் கோட்டை. அந்தக் கோட்டைய 1690ல மராத்தியருங்ககிட்ட வாங்குனப்பவே பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்குன்னு எடுத்துக்கிட்டாங்க, குண்டு கிராமம்னே பேரு. 1756ல கிளைவ் இங்க துணை கவர்னரா வந்தான், மறு வருஷம் வங்காளத்துல பிளாசி சண்டை. வங்காளத்துல சேத்த பணத்தோட ஊருக்குப் போயி 1761லேர்ந்து சாகுற வரைக்கும் ஷ்ரூஸ்பரி எம்பி, 1762ல மேயர். சிலை வச்சது 1860ல. 2020ல அத எடுக்கணும்னு நெறைய பேரு கையெழுத்து போட்டாங்க, கவுன்சில்ல ஓட்டுப் போட்டு இருக்கட்டும்னுட்டாங்க. என் அபிப்ராயம், அந்தச் சிலைக்குக் கீழ குண்டு கிராமத்துக் கதையையும் எழுதணும், நம்ம ஜனத்தோட பக்கமும் அங்க உள்ள புள்ளைங்களுக்குத் தெரியணும்.

ஆனா பொண்ணு கிளைவ மட்டும் பாத்துட்டு வந்துடக்கூடாது. சார்லஸ் டார்வின் 1809ல பொறந்தது அந்த ஊருலதான், படிச்ச பள்ளிக்கூடம் இப்ப லைப்ரரி, வாசல்ல உக்காந்த மாதிரி சிலை. ஊருக்கு வடக்கால 1797ல கட்டுன ஒரு ஆளி நூல் மில்லு இருக்கு. அந்தக் காலத்து மில்லுல மர உத்தரம், தூசியும் வெளக்கும் சேந்தா பத்திக்கும். சார்லஸ் பேஜ்னு ஒருத்தர் வார்ப்பிரும்புத் தூணும் உத்தரமும் வச்சு அஞ்சு மாடி கட்டுனாரு. இரும்புச் சட்டத்துல எழும்புன உலகத்தோட மொத கட்டடம் அது. இன்னைக்கு நிக்கிற வானளாவி எல்லாத்துக்கும் பாட்டன்.

மஞ்சக்குப்பம்காரன்:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆறு சுத்தி இருக்குன்னதும் அக்கா பயந்துடுச்சு. வெள்ளம் வருமா?

லாஸ்பேட்டை அக்கா:

வரும் தம்பி, மறைக்க மாட்டேன். 2000லயும் 2020லயும் பெருசாவே வந்துச்சு. நமக்கு சாத்தனூர்ல தொறந்தா தென்பெண்ணையில வந்து கடலூர் முழுகுதுல்ல, அதே கதை, வேல்ஸ் மலையில பெய்யுற மழை ஒரு ரெண்டு நாள் கழிச்சு இங்க வந்து ஏறும். ஃப்ராங்க்வெல் பக்கம் தடுப்புச் சுவரு போட்டிருக்காங்க, ஆபத்து நேரத்துல பலகைய சொருகி மேல ஏத்துவாங்க. வாடகைக்கு வீடு பாக்குறப்ப கோல்ஹாம், ஃப்ராங்க்வெல்னா தரைத்தளம் வேணாம்னு சொல்லிடுங்க. மேட்டுல பாத்தா ஒரு பயமும் இல்ல.

மஞ்சக்குப்பம்காரன்:

சரிங்கக்கா, இப்பவே சொல்லிடுறேன். வாத்தியார் ஐயா, கெளம்புறதுக்கு முன்னாடி பாப்பாவ கோட்டைக்கு கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், பாக்க என்ன மிச்சம் இருக்கு?

ஓல்டு டவுன் வாத்தியார்:

கூட்டிட்டுப் போப்பா. 1758லயே ஃப்ரெஞ்சுத் தளபதி லாலி புடிச்சு இடிச்சுட்டான், இப்ப இடிஞ்ச செங்கச் சுவருதான். கெடிலம் கடல்ல சேர்ற பக்கம், சாயங்காலமா போங்க.