எங்கள் ஒழுங்கையை வைத்து ஒரு குற்றப் படம்: கள்ளக் காணி விற்பனைக்குப் பையன்கள் என்ன உதவி செய்வார்கள்?

அலஸ்தோட்டத்தான்

வணக்கம். நான் திருகோணமலை. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது தொழில். இரண்டு வருடமாக ஒரு முழுநீளப் படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தயாரிப்பாளர் யாரும் இல்லை. என் கமரா, நாலு நண்பர்கள், சேர்த்து வைத்த கொஞ்சக் காசு, அவ்வளவுதான்.

கதை அலஸ்தோட்டத்துக்கும் உப்புவெளிக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் நடக்கிறது. மூன்று பையன்கள். வருகிற வெள்ளைக்காரருக்கு ரூம் பிடித்துக் கொடுப்பார்கள், புறாமலைக்குப் போட் பேசிக் கொடுப்பார்கள், டொலர் மாற்றுவார்கள், ஆள் பார்த்துக் கசிப்பும், அதுதான் கள்ளச் சாராயம், விற்பார்கள். எல்லாவற்றிலும் கொமிசன். எங்கள் ஊர்ப் பேச்சில் சுழியன்கள். ஆனால் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு என்றால் பந்தல் போட முதலில் வந்து நிற்பதும் அவர்கள்தான். நான் அவர்களோடு வளர்ந்தவன்.

சண்டை முடிந்த பிறகு கடற்கரைக் காணிகளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு விடுதி, பிறகு ஒரு கோப்பிக் கடை, பிறகு மதில். என் பெரியப்பா வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியிடம் கரைவலை இழுத்தவர். விடியப்புறம் அவர் பாட்டுக்கு நடந்து போன பாதையில் இன்று ஆறடி மதில் நிற்கிறது. இப்போது வலை இழுப்பவர்கள் அரை மைல் சுற்றிப் போகிறார்கள். படம் அந்த மதிலில்தான் தொடங்குகிறது.

என் சிக்கல் இதுதான். இந்த மாதிரிக் கதையை அமெரிக்காவில் சிறு முதலீட்டில் எடுத்த சில படங்களில் பார்த்திருக்கிறேன். புரூக்ளின், ஓக்லாந்து மாதிரி இடங்கள். தெருவில் சில்லறைக் களவு, சுத்துமாத்து செய்து பிழைப்பவர்கள், காசுக்காரர் குடிவர வர வாடகை ஏறும், கடைசியில் துவக்கு. எங்கள் ஒழுங்கையில் துவக்கு எடுத்தால் அது வேறு கதையாகிவிடும். அந்தச் சத்தத்தை நாங்கள் போதுமான அளவு கேட்டுவிட்டோம். எனக்குத் துவக்கில்லாத ஒரு குற்றம் வேண்டும். அதனால் கள்ள உறுதியை, அதாவது போலிக் காணிப் பத்திரத்தை, வைத்து எழுதினேன். சொந்தக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர் பெயரில் வேறொருவர் கையெழுத்துப் போட்டு விற்கிறார். பையன்கள் அந்தப் புரோக்கருக்கு உதவுகிறார்கள்.

அவர்கள் என்ன உதவி செய்வார்கள் என்பதில் நிற்கிறேன். ஆள் பார்த்துக் கொடுப்பது மட்டும் என்றால் குற்றம் மெல்லியது. அவர்களை வீரர்களாகவும் காட்ட மனம் வரவில்லை, துரோகிகளாகவும் காட்ட மனம் வரவில்லை. சட்டம் தெரிந்தவர்கள், படம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

நொத்தாரிசு வீட்டுப் பிள்ளை

தம்பி, உங்கள் குற்றம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. அதன்படி காணி விற்பனை நொத்தாரிசுக்கு, அதாவது உறுதியை அத்தாட்சிப்படுத்துகிறவருக்கு, முன்னால், இரண்டு சாட்சிகள் பக்கத்தில் இருக்க, கையெழுத்தாக வேண்டும். விற்கிறவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். "இவர்தான் அவர், எங்களுக்கு நன்றாகத் தெரியும்" என்று அந்த இரண்டு பேரும் சொல்கிறார்கள் பாருங்கள், அந்தப் பேச்சில்தான் முழு உறுதியும் நிற்கிறது.

உங்கள் பையன்களின் வேலை அதுதான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம், கையில் அடையாள அட்டை, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று காசு. சின்ன வயதில் அப்பாவின் கந்தோர் விறாந்தையில் இருந்து படித்தவள் நான். சாட்சிக்கு வருகிறவர்கள் சட்டைப் பையில் பேனையைச் செருகிக்கொண்டு வருவார்கள். தங்கள் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்று அவர்களில் பலர் யோசிப்பதே இல்லை.

இன்னொன்று. பூட்டிய வீட்டை விடுங்கள், ஆள் இருக்கிற வீட்டை எடுங்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போன வீட்டில் ஒரு தாய் இருபது வருடமாகக் குடியிருக்கிறாள் என்று வையுங்கள். ஊரில் பலர் பத்து வருடம் இருந்தால் காணி தங்களுக்கு என்று நம்புகிறார்கள். பத்து வருட ஆட்சியுரிமை என்று ஒன்று உண்டுதான். ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு அது வராது, எத்தனை வருடம் இருந்தாலும் சரி. அந்தத் தாய்க்குக் கையில் பிடிக்க ஒரு கடதாசி இல்லை.

மாரிக்கடல்

நான் மட்டக்களப்பு. இரண்டு குறும்படங்களுக்குக் கமரா செய்திருக்கிறேன். சட்டம் அக்கா சொல்லிவிட்டார், நான் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வருவது சித்திரை வைகாசிக்குப் பிறகு, புரட்டாதி வரை. கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் போட்கள் கரையில் ஏறிவிடும், ரூம்கள் பூட்டு. கொமிசனில் வாழ்கிறவனுக்கு அந்த மூன்று மாதமும் கையில் சல்லி இராது. அவன் சாட்சிக் கையெழுத்துப் போடுவது அப்போதுதான் என்று வையுங்கள். வறுமையைப் பற்றி ஒரு வசனமும் எழுத வேண்டி வராது, கரையில் கவிழ்த்து வைத்த போட்டைக் காட்டினால் போதும். அதனால் ஒரே மூச்சில் எடுத்து முடிக்காதீர்கள். அதே ஒழுங்கையை ஆனியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை எடுங்கள்.

வெளிச்சம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். உப்புவெளியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், பின்னேரம் காணிப் பக்கம் மறையும். தண்ணீருக்கு மேல் பொழுது படுவது வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போங்கள். கடற்படைத் தளம் இருக்கிற பக்கமும் கோட்டைக்குள் ஆமி இருக்கிற இடமும் அனுமதியில்லாமல் கமரா தூக்காதீர்கள். காற்றுக்கு மைக்கை நன்றாக மூடுங்கள். படத்தை விடக் குரல்தான் சிறு படங்களைக் கெடுக்கிறது.

தூரத்து வளவு

எனக்கு வயது 58, லண்டனில் இருக்கிறேன். ஏழைகளின் தெருவைக் காசுக்காரர் மெல்ல மெல்ல வாங்கி, இருந்தவர்களை வெளியேற்றுவதை இங்கே ஜென்ட்ரிபிகேசன் என்பார்கள். அந்தச் சொல்லை 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் இதே லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்த்துத்தான் உண்டாக்கினார். நான் குடியிருந்த தெருவிலும் அது நடந்தது. வாடகை கட்ட முடியாமல் மூன்று தடவை வீடு மாறினேன்.

ஆனால் தம்பி, உங்கள் கதையில் வருகிற அந்த வெளிநாட்டுச் சொந்தக்காரனும் நான்தான். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது நிலாவெளி வீதியில் எங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டோம். அந்தத் திறப்பு இன்னும் அவவிடம் இருக்கிறது. தன் பிள்ளைகளை அந்த வீட்டில்தான் வளர்த்தா. எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் கேட்டு எத்தனையோ பேர் போன் எடுத்துவிட்டார்கள், ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. விற்கவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. சொந்தக்காரனைப் போனில் வருகிற வெறும் குரலாக வைத்துவிடாதீர்கள். முற்றத்தில் மாமரம் இருக்கிறதா என்று அவன் ஒருமுறையாவது கேட்கட்டும்.

அலஸ்தோட்டத்தான்

மூன்று பேருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமரம் இருக்கிறது என்று எழுது" என்றா. எந்த வீடு என்று தெரியாமலே சொன்னா.

கதையை மாற்றிவிட்டேன். பையன் மாரியில் மூன்று உறுதிகளுக்குச் சாட்சி நிற்கிறான். நாலாவது, அவன் தாய் குடியிருக்கிற வீடு. உள்ளே போன பிறகுதான் முகவரியைப் பார்க்கிறான். கடைசிக் காட்சி நொத்தாரிசின் மேசையில். அக்கா, ஒரு கேள்வி: சாட்சி ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் போதுமா?

நொத்தாரிசு வீட்டுப் பிள்ளை

இல்லைத் தம்பி, மூன்று தடவை. மூலப் பிரதி வாங்குகிறவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோப்புக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. மூன்றிலும் போட வேண்டும்.

அலஸ்தோட்டத்தான்

அப்படியென்றால் முதல் பிரதியில் போடுவான். இரண்டாவதிலும் போடுவான். மூன்றாவதை நொத்தாரிசு அவன் பக்கம் தள்ளுகிறபோது வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்கும். மார்கழியில் எடுக்கிறேன்.