மாப்பிள்ளை பேர் எங்கே தம்பி?

திண்டுக்கல், ஆல்பம் டிசைனர்

பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் டிசைன் செய்கிறேன். போன ஆவணியில், முகூர்த்த நேரம் பார்த்தது போலப் பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி அணைய ஆரம்பித்தது. புதியது வாங்கினேன். போட்டோஷாப்பை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. பழையதில் சைன் அவுட், புதியதில் சைன் இன், அவ்வளவுதான். ஆக்‌ஷன், பிரஷ் எல்லாவற்றையும் தனியாகச் சேவ் செய்து வைத்திருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டி, விண்டோஸுக்குள் இருந்த ஃபான்ட் ஃபோல்டரையும் அள்ளிக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய்மாமா திருத்தம் சொல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பத்திரிகையைத் திறந்தேன். ஃபான்ட் இல்லை என்று ஏதோ கேட்டது. அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டேன். 'மணமகன்' இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் கே, இசட், கே, எஃப், டி, கடைசியில் ஓர் அரைப்புள்ளி!

"மாப்பிள்ளை பேர் எங்கே தம்பி?"

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்துப் பழகியவர்களுக்குப் புரிந்திருக்கும். அது யூனிகோடு இல்லை; யூனிகோடில்தான் தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உண்டு. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான், பாமினி அதற்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. நல்லவேளை, சேவ் செய்யாமல் மூடிவிட்டேன்.

எல்லா ஃபான்ட்டையும்தான் எடுத்தோமே என்று ஒரு மணி நேரம் குழம்பினேன். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டைச் சாதாரணமாக நிறுவினால் அந்தப் பயனருக்கு மட்டும் சேருகிறது. அது போய் உட்காருவது பயனர் பெயரில் உள்ள ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் கண்ணில் படவில்லை. பழைய டிஸ்க்கில் அங்கே போய்ப் பார்த்தால் பாமினியும் அதன் உறவினர்களும் குடும்பத்தோடு இருந்தார்கள். இப்போது வலது கிளிக் செய்து, எல்லாப் பயனர்களுக்கும் என்றுதான் நிறுவுகிறேன். புதுப் பத்திரிகைகளை யூனிகோடில் அடிக்கிறேன். பழைய டெம்ப்ளேட்டுகளை மாற்ற இன்னும் மனசு வரவில்லை.

திருச்சி, கல்யாண போட்டோகிராபர்

அண்ணே, எனக்கு இதே மாதிரி லைட்ரூமில், அதான் போட்டோவை அடுக்கிக் கலர் திருத்தும் சாஃப்ட்வேரில், நடந்தது. கேட்டலாக் கோப்பைக் காப்பி செய்து திறந்தால் எல்லா ஃபோல்டர் மேலும் கேள்விக்குறி. போட்டோ கேட்டலாக்குக்குள் இருக்காது, எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பழையதில் 'ஈ' டிரைவாக இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் புதியதில் 'எஃப்' ஆகிவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எழுத்தை மறுபடி 'ஈ' என்று மாற்றினேன், கேள்விக்குறி எல்லாம் போய்விட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் புதிதாக இம்போர்ட் செய்திருந்தால் ஆறு வருஷ கலர் வேலையையும் ஸ்டார் போட்டதையும் தொலைத்திருப்பேன்.

சென்னை, கீபோர்டு வாசிப்பவன்

புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது நான் பயந்தது லைசென்ஸுக்கு. பாட்டுப் பதிவு செய்யும் கியூபேஸ் சாஃப்ட்வேருக்கு 12-ஆம் பதிப்பிலிருந்து யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் இருக்கும் பென்டிரைவ் மாதிரிச் சாவி) தேவையில்லை, கணக்கில் நுழைந்தால் போதும்; ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கான்டாக்ட் லைப்ரரிகளை, அதாவது வாத்திய ஒலித் தொகுப்புகளை, வைத்திருந்த எஸ்எஸ்டியையும் மாட்டி, புது இடத்தைக் காட்டினேன். பழைய பாட்டு எல்லாம் ஒழுங்காக ஓடியது, ஒன்றைத் தவிர.

அதில் நானே பதிவு செய்த தவில் இருந்தது. இன்ஸ்ட்ருமென்ட் கோப்பு திறந்தது, சத்தம் வரவில்லை, சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) காணோம் என்றது. அந்தக் கோப்பில் இருப்பது எந்தக் கீயை அழுத்தினால் எந்த ஒலி என்ற குறிப்பு மட்டும்தான். ஒலிக்கோப்புகள் பழைய லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில், 'புதிய ஃபோல்டர் 3' என்ற பெயரில் இருந்தன. லேப்டாப்பை மச்சானிடம் கொடுத்திருந்தேன். போன் போட்டேன்.

"நேற்றுதான் மாமா ஃபார்மட் பண்ணினேன், இப்போ நல்லா வேகமா இருக்கு" என்றான்.