பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம் என்று தொடங்கிய கச்சேரி

டொராண்டோவிலிருந்து

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவில் பாட்டெழுதி, பிறகு விலகிய ரோஜர் வாட்டர்ஸின் 2022 சுற்றுப்பயணத்தைப் பற்றி இந்த வாசகர் கடிதப் பகுதியில் பலரும் எழுதிவிட்டீர்கள் என்பதால் பாட்டுப் பட்டியலுக்குள் நான் போகவில்லை. ஜூலை 8ஆம் தேதி, கனடா முழுவதும் லட்சக்கணக்கானோருக்குக் கைபேசி இணைப்பு அற்றுப்போயிருந்த அதே நாளில், அண்ணாவும் நானும் ஸ்கோஷியாபேங்க் அரங்கில் இருந்தோம். பிங்க் ஃபிளாய்ட் பிடிக்கும், ஆனால் ரோஜரின் அரசியல் பிடிக்காது என்பவர்கள் இப்போதே மதுக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று, அச்சிட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்து, தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். அண்ணா வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஸ்டாண்ட் போட்ட சைக்கிளை நான் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து டேப் ரெக்கார்டரில் பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டபிளி நம்' பாட்டைக் கேட்டவர் அவர். குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் அந்த இரண்டாவது கிட்டார் தனிவாசிப்பை அப்படித்தான் மனப்பாடம் செய்தார். என் கால் தளர்ந்தால் சுருதி இறங்கும், அவர் கத்துவார்.

அன்று கச்சேரி தொடங்கியதே அந்தப் பாட்டில்தான். மேடையை மறைத்துக்கொண்டு சிலுவை வடிவத்தில் திரைகள் நிற்க, பாட்டு இருண்டு, மெதுவாக ஊர்ந்தது. தனிவாசிப்பு வர வேண்டிய இடத்தில் கிட்டார் வரவில்லை. ஒரு பெண்குரல் மட்டும் எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணாவின் இடதுகை விரல்கள் தொடைமேல் அந்தத் தனிவாசிப்பை வாசித்துக்கொண்டிருந்தன. பாதியில் சட்டென நின்றன, கையை மடக்கிக்கொண்டார். அதன்பின் ரீகன் தொடங்கி பைடன் வரை ஒவ்வொரு அமெரிக்க அதிபரையும் போர்க்குற்றவாளி என்று திரை காட்டியபோதும் அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. அவரை எது நிறுத்தியது, அரசியலா, அந்தப் பாட்டுக்கு நேர்ந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து

நான் வாட்டர்ஸைப் பார்த்தது 2002இல், பெங்களூர் அரண்மனை மைதானத்தில். இசைத்தட்டில் இருப்பது போலவே வாசித்தார்கள், தனிவாசிப்பு உட்பட. ஊருக்குத் திரும்பிய ரயிலில் நண்பனும் நானும் ஜோலார்பேட்டை வரை சண்டை போட்டோம். "கில்மர் இல்லாத கூட்டத்துக்கு எதற்கு அந்தப் பாட்டுகள்?" என்று அவன் கேட்க, எழுதியவர் யார் என்று நான் திருப்பிக் கேட்க, எதிர்ப் படுக்கையிலிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "தம்பிகளா, அந்த ரெண்டு பேருக்கும் இந்நேரம் நல்ல தூக்கமாக இருக்கும்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் வாயை மூடிக்கொண்டு கிடந்தது இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இருந்தாலும், அரசியல் இப்போதுதான் புகுந்தது என்பது போல இங்கே முன்பு சிலர் எழுதியதை மறுக்க வேண்டியிருக்கிறது. வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944இல், அவருடைய தந்தை இத்தாலியின் ஆன்ஸியோவில் போரில் இறந்தார். அந்த இழப்பு பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' இசைத்தொகுப்பு முழுவதும் பரவியிருக்கிறது. ஃபாக்லாந்து போருக்குப் பிறகு 1983இல் வந்த 'தி ஃபைனல் கட்' பிரிட்டனின் தாட்சரையும் அர்ஜென்டினாவின் கால்டியரியையும் இஸ்ரேலின் பெகினையும் சோவியத்தின் பிரஷ்நெவையும் பெயர் சொல்லியே சாடியது. எனக்கு உறுத்துவது வேறு. ஆப்கானிஸ்தானுக்காக பிரஷ்நெவைச் சாடியவர், 2023 பிப்ரவரியில் ரஷ்யாவின் அழைப்பில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசினார். உக்ரைன் மீதான படையெடுப்பு சட்டவிரோதம் என்று கண்டித்தார், ஆனால் அது தூண்டுதல் இல்லாமல் நடந்ததல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது பாதியை அவருடைய பழைய இசைத்தட்டோடு என்னால் பொருத்த முடியவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து

சென்னை நண்பர் உறுத்தல் என்கிறார். இங்கே வழக்கே நடந்தது. வாட்டர்ஸின் 2023 மே மாதக் கச்சேரியை நகர நிர்வாகமும் மாநில அரசும், அவருடைய இஸ்ரேல் எதிர்ப்பு யூத வெறுப்பாகிவிட்டது என்ற காரணத்தால், ரத்து செய்ய முயன்றன. கலைச் சுதந்திரத்தை முன்வைத்து நீதிமன்றம் அனுமதித்தது. யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டை வாட்டர்ஸ் மறுத்தே வருகிறார். நான் உள்ளே போகும்போது வாசலில் எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்து, 1938 நவம்பரில் இந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று தெரியுமா என்று அமைதியாகக் கேட்டார். தெரியாது என்றேன். யூத ஆண்களைப் பிடித்து இங்கே அடைத்து வைத்து, பிறகு வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள் என்றார். நான் உள்ளே போனேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இரண்டரை மணி நேரம் ஒலியமைப்பு அற்புதமாக இருந்தது என்பதை எழுதவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து

2007இல் மும்பையில் பார்த்தேன். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தொகுப்பு முழுவதையும் வாசித்தார்கள், நன்றாக இருந்தது.

டொராண்டோ சகோதரிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தனிவாசிப்பு போனது தற்செயல் அல்ல. 2023 அக்டோபரில் அதே 'டார்க் சைட்' இசைத்தொகுப்பை வாட்டர்ஸ் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார். அதிலும் கிட்டார் தனிவாசிப்புகள் இல்லை, 80 வயதுக் கிழவரின் முணுமுணுப்பு இருக்கிறது. அதை 1973 பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டால் கோபம்தான் வரும். ஆகவே முதலில் ஒரு வாரம் பழையதைத் தொடாதீர்கள். இரவில், ஹெட்ஃபோனில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். காரில் வேண்டவே வேண்டாம், டயர் சத்தத்தில் பாதிப் பேச்சு போய்விடும். அண்ணாவோடு சேர்ந்தும் கேட்காதீர்கள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மேலும், கில்மர் ரசிகர்கள் எல்லோரும் கிட்டாரைத் தேடுகிறார்கள். உண்மையில் தொலைந்தது ரிக் ரைட்டின் கீபோர்டு. 'தி வால்' பதிவின்போதே அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள், 2008இல் அவர் இறந்தும் போனார். அவர் இல்லாமல் யார் வாசித்தாலும் பாதிதான் என்பது என் கட்சி. கில்மர் அரசியலைத் தொடாதவர் என்றும் நினைக்க வேண்டாம்: 2022 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்ட் பெயரில் உக்ரைனுக்காகப் பாட்டு வெளியிட்டவர், ரஷ்யாவில் தங்கள் இசையை இணையச் சேவைகளிலிருந்து எடுத்தவர். பிங்க் ஃபிளாய்ட் இசையில் எடுத்தது 1987 முதல் வந்த பதிவுகளை மட்டுமே, அதாவது வாட்டர்ஸ் விலகிய பிறகு வந்தவற்றை. போரிலும் பாகப்பிரிவினை சரியாகத்தான் நடந்திருக்கிறது.

மீண்டும் டொராண்டோவிலிருந்து

கோவை ஐயாவுக்கு நன்றி. நான் ஆலோசனை கேட்டதாக நினைவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் எழுதியதை அண்ணாவுக்கு அனுப்பினேன், அதனால் கடைசியில் கேட்டும்விட்டேன். அரசியலும் இல்லை, கோபமும் இல்லை என்றார். விரல் நின்ற இடம், நான் வழக்கமாகக் களைத்துப்போய் மிதிப்பதை நிறுத்துகிற இடமாம். பெரிய இசைத்தட்டில் அதற்குப் பிறகும் தனிவாசிப்பு போகிறது என்பதைக் கனடா வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாராம், ஆனால் விரலுக்கு அந்த மீதி வரவே இல்லையாம்.